கழிவுநீரில் விளையும் தொழிலறிவு

பசுமைப் பொருளாதாரத்திற்குரிய தொழிற்பயிற்சி என்றவுடன் சூரிய மின்தகடுகளும் மின்சாரப் பேருந்துகளுமே நினைவுக்கு வருகின்றன. இத்தகைய துறைகளுக்குப் பயிற்சித் தரங்களை வகுப்பதற்காக 2015-ஆம் ஆண்டில் பசுமைப் பணிகளுக்கான திறன் குழுமம் அமைக்கப்பட்டது. ஆயினும், சான்றிதழ் ஏதுமின்றியே பசுமைத் தொழிலொன்றைத் தலைமுறைகளாக நடத்தி வருவோரும் உளர். கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலத்தின் மீன்வளர்ப்புத் தொழிலாளர் இதற்குச் சிறந்த சான்றாவர்.

சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இச்சதுப்புநிலத்தில், ‘பேரி’ எனப்படும் ஆழமற்ற குளங்களில் மாநகரின் கழிவுநீர் தேக்கப்படுகிறது. கதிரவன் ஒளியில் பாசிகள் பெருகி, நீரில் பிராணவாயுவைச் சேர்க்கின்றன. அதன் துணையால் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பெருகிய பாசி மீன்களுக்கு இரையாகிறது. வெளியேறும் நீர் வயல்களுக்குப் பாய்கிறது. எவ்வளவு கழிவுநீரை எப்போது விடுவது என்பதே இத்தொழிலின் நுட்பம். மிகுந்தால் பிராணவாயு குன்றி மீன்கள் மடியும். குறைந்தால் இரை போதாது. நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே தொழிலாளர் இதனைக் கணிக்கின்றனர்.

பொறியாளர் துருவஜோதி கோஷ் இவ்வறிவை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 2002-இல் இப்பகுதி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் தனிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் சட்டம் காப்பது நிலத்தையே. இளைஞர் வேறு வேலை நாடிச் சென்றுவிட்டால், இத்தொழில்நுட்பம் முதியோருடன் மறைந்துவிடும். முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் முறை பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. மூத்த தொழிலாளருக்கு அவ்வாறு சான்றளித்து, அவர்களையே பயிற்றுநர்களாக அமர்த்துவது பயனுள்ள தொடக்கமாக அமையும்.