மையவாடிப் பூவும் மருந்தும்



நமது உடுமலைப்பேட்டைப் பகுதி மையவாடிகளில், கபர்களுக்கிடையே யாரும் நடாமலேயே வளர்ந்து பூத்திருக்கும் நித்தியகல்யாணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுடுகாட்டு மல்லி என்றும் அதனைச் சொல்வர். சில வாரங்களுக்கு முன், ஜுமுஆ தொழுகைக்குப் பின் ஒருவர் என்னிடம் வந்தார். இரத்தப் புற்றுநோயுள்ள தம் மகனுக்கு ஊசி போட்டதில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. அதை நிறுத்திவிட்டு இச்செடியின் இலைச்சாறு கொடுக்கலாமா எனக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

அந்நோய்க்குப் போடப்படும் ஊசி மருந்துகளுள் ஒன்று இச்செடியிலிருந்தே கிடைத்தது! ஜமைக்கா மக்கள் நீரிழிவுக்கு இதன் இலைநீரை அருந்தி வந்தனர். 1952இல் அங்கிருந்து 25 இலைகள் அஞ்சலில் கனடா சென்றன. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் அச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி செலுத்தியபோதோ வெள்ளணுக்கள் குறைந்தன. இத்தகைய ஆய்வுகளால் வின்பிளாஸ்டினும், பின்னர் வின்கிரிஸ்டினும் பிரித்தெடுக்கப்பட்டன. பின்னது 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நம் உடலின் உயிரணுக்களுள் அவை மடியும் முறையையும் அல்லாஹ் வைத்துள்ளான். கருவில் ஒட்டியிருக்கும் விரல்கள் பிரிவது, இடையிலுள்ள அணுக்கள் அவ்வாறு மடிவதாலேயே. இலையுதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 1972இல் இதற்கு 'அபோப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். புற்றணுவோ மடிய மறுத்துப் பெருகுகிறது. அணு இரண்டாகப் பிரியும்போது, மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துச் செல்ல டியூபுலின் என்னும் புரதம் கயிறுகளாகக் கோக்கப்படும். வின்கிரிஸ்டின் அப்புரதத்தைப் பற்றிக்கொள்வதால் கயிறு உருவாவதில்லை. பாதியில் நின்றுபோன அணுவினுள் கேஸ்பேஸ் என்னும் நொதிகள் விழித்து, அதனை உள்ளிருந்தே துண்டாடுகின்றன.

அப்படியானால் இலைச்சாறே போதாதா? போதாது. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவை. சாற்றில் மருந்து அற்பம். நஞ்சான பிற பொருள்களோ பல. தூய மருந்தையும் இரத்த நாளத்தில் மட்டுமே செலுத்துவர். தவறித் தண்டுவடத்தில் செலுத்தினால் உயிரே போய்விடும். நம் ஈரோட்டு மஞ்சளைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். அதிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் புற்றணுக்களை மடியச் செய்வது உண்மையே. ஆனால் உண்ணும்போது அது இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது. மருந்து செய்துகொள்ளுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர், அளவறிந்த மருத்துவரிடமன்றோ செல்ல வேண்டும்?

முடியின் வேரணுக்களும் விரைந்து பிரிபவை; மருந்து அவற்றையும் தாக்குவதால்தான் முடி கொட்டுகிறது, சிகிச்சை முடிந்ததும் மீண்டும் வளரும் என்று அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, அடுத்த ஊசிக்கு வியாழனன்று மகனைக் கோவைக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லி, துஆ செய்யுமாறு கேட்டுக்கொண்டார்.