கழிவுநீரில் சூடு கறக்கும் நகரம்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், காத்ரி வாலா என்ற கவிஞரின் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் அடியில், பாறையைக் குடைந்த குகைக்குள், ராட்சத எந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஊரே குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர், சுத்திகரிப்பு முடிந்து கடலுக்குப் போகும் வழியில் இந்த எந்திரங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் கறந்துகொண்டுதான் அனுப்பிவைக்கிறார்கள். அந்தச் சூடு குழாய் வழியே வீடுகளுக்குப் போய்ப் படுக்கையறைகளைக் கதகதப்பாக்குகிறது. மாதாமாதம் அதற்குக் கட்டணமும் வந்துவிடுகிறது.

இந்த வியாபாரத்தை நடத்துவது ‘ஹெலன்’ என்ற நிறுவனம். 1909இல் நகராட்சியின் மின்சாரத் துறையாகத் தொடங்கி, பிறகு தனி நிறுவனமாக மாறியது. இன்றும் முழுப் பங்கும் ஹெல்சிங்கி மாநகராட்சியின் கையில்தான். மின்சாரம் விற்கிறது, வெப்பம் விற்கிறது, குளிர்ச்சியும் விற்கிறது. நகரின் கட்டடங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் இதன் வெப்பக் குழாய்களோடு இணைக்கப்பட்டவை.

வெப்பத்தைக் குழாயில் விற்பது நமக்குப் புதிதாகத் தோன்றலாம். வட ஐரோப்பிய நகரங்களில் அது குடிநீர் இணைப்பைப் போலச் சகஜம். நிலையத்தில் காய்ச்சிய தண்ணீர் தெருவுக்கு அடியில் புதைத்த குழாயில் ஓடும். வெளியே குளிர் எவ்வளவு என்பதைப் பார்த்து அதன் வெப்பநிலையை 65 டிகிரி செல்சியஸிலிருந்து 115 டிகிரி வரை கூட்டிக் குறைப்பார்கள். அழுத்தத்தில் ஓடுவதால் நூறைத் தாண்டினாலும் ஆவியாகாது. ஒவ்வொரு கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் ஒரு வெப்ப மாற்றி இருக்கும். தெருக் குழாயின் தண்ணீர் தன் சூட்டை அங்கே கட்டடத்தின் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய், இன்னொரு குழாய் வழியாக நிலையத்துக்கே திரும்பும். இரண்டு தண்ணீரும் கலக்கவே கூடாது. அதனால் தெருக் குழாயில் ஓடும் தண்ணீருக்குப் பச்சைச் சாயம் கலந்துவிடுகிறார்கள். சாயம் ஆபத்தில்லாதது. வீட்டுக் குழாயைத் திறந்ததும் பச்சையாகக் கொட்டினால் வெப்ப மாற்றியில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். கழிவுநீர் இந்தக் குழாய்களுக்குள் வருவதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் சூடு மட்டும்தான் வருகிறது.

இந்தச் சூடு பல பத்தாண்டுகளாக நிலக்கரியிலிருந்துதான் பெருமளவு கிடைத்தது. அந்த ஏற்பாட்டை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. சாதாரண அனல் மின் நிலையத்தில் எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதம் மின்சாரமானால் பெரிய விஷயம். மீதி வெந்நீராகவும் ஆவியாகவும் வீணாகும். ஹெல்சிங்கியில் அந்த மீதியைத்தான் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஒரே கரியில் இரண்டு வருமானம் வந்தது, 90 சதவீதம் வரை ஆற்றல் பயன்பட்டது. ஆனாலும் கரி கரிதான். நகரத்தின் நடுவே, கடலோரத்தில், ஹனசாரி நிலையத்துக்குப் பக்கத்தில் கருமலையாகக் குவிந்து கிடந்தது. பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்த கரி.

முதலாளி மாநகராட்சி என்பதால் முடிவு நகர மன்றத்தில் எடுக்கப்பட்டது. ஹனசாரியை 2024க்குள் மூடுவது, அதற்குப் பதிலாக ஒரே பெரிய நிலையம் கட்டாமல் சின்னச் சின்ன வெப்ப மூலங்களைப் பல இடங்களில் அமைப்பது என்று 2015 டிசம்பரில் தீர்மானித்தார்கள். ஹனசாரி 2023 ஏப்ரலிலேயே நின்றது. மிஞ்சியிருந்த சல்மிசாரியில் கரி எரிப்பதை 2024இல் நிறுத்த நினைத்தார்கள். உக்ரைன் போரால் எரிபொருள் சந்தை தலைகீழாகப் புரண்டதில் ஓராண்டு தள்ளிப்போனது. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கும் கரி அணைந்தது. பின்லாந்துச் சட்டம் கொடுத்திருந்த கெடு 2029 மே வரை இருந்தது.

கரியின் இடத்துக்கு வந்தவற்றில் முக்கியமானது ஹீட் பம்ப். பூங்காவுக்கு அடியில் இருப்பவை அவைதான். 2006இல் ஓடத் தொடங்கின. வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் தெரிந்திருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. இங்கே கழிவுநீர் ஃப்ரிட்ஜின் உள்பக்கம், நகரத்தின் வெப்பக் குழாய் அதன் பின்பக்கம். குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகும் ஒரு திரவம் கழிவுநீரின் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்த, வெப்பநிலை எகிறுகிறது. அந்தச் சூட்டைக் குழாய் நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரவம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கை வைத்தால் சில்லென்று இருக்கும் தண்ணீரிலிருந்து 80 டிகிரிக்கு மேல் வெந்நீர் கிடைப்பது இப்படித்தான். கம்ப்ரஸருக்கு ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் வரும். கூடுதலாக வருவது கழிவுநீரிலிருந்து எடுத்தது.

வியாபாரிக்கு இதில் இன்னொரு ருசி உண்டு. எந்திரத்தின் சூடான முனையைப் போலவே குளிர்ந்த முனையையும் விற்கலாம். அலுவலகங்கள், கடைவளாகங்கள், மருத்துவமனைகளுக்குக் குளிர்ந்த நீரைத் தனிக் குழாயில் அனுப்பும் தொழிலை ஹெலன் 1998இலிருந்தே செய்துவருகிறது. கோடையில் அந்தக் கட்டடங்களிலிருந்து வெளியேறும் சூடு, ஊரார் குளிக்கும் வெந்நீராக மாறுகிறது. குளிர்ச்சிக்கு ஒருவரிடம் காசு, அதே சூட்டுக்கு இன்னொருவரிடம் காசு. எஸ்பிளனாடி பூங்காவுக்கு அடியிலும் இப்படியொரு நிலையம் இருக்கிறது. அங்கே இரண்டரைக் கோடி லிட்டர் குளிர்ந்த நீரைத் தேக்கிவைத்து, பகலில் தேவை ஏறும்போது திறந்துவிடுகிறார்கள். உஸ்பென்ஸ்கி தேவாலயத்தின் கீழே, போர்க்காலத்துப் பதுங்குகுழியில் ஒரு கணினித் தரவு மையம் அமைத்து, அதன் சூட்டை வெப்பக் குழாயில் சேர்க்கும் வேலை 2010வாக்கிலேயே நடந்தது. தரவு மையங்கள் பொதுவாகச் சூட்டைக் காற்றில் ஊதித் தள்ள மின்சாரம் செலவழிக்கின்றன. இங்கே அந்தச் சூடே சரக்கு.

ஆனால் ஹீட் பம்ப் மின்சாரத்தைக் குடிப்பது. பின்லாந்தில் காற்றாலைகள் பெருகிய பிறகு மின்சார விலை ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இருப்பதில்லை. 2023 நவம்பர் 24 அன்று, ஒரு வணிக நிறுவனம் விற்பனைக் கேட்பில் செய்த பிழையால் ஆயிரம் யூனிட்டின் சந்தை விலை மைனஸ் 500 யூரோவுக்குப் போனது. வாங்குபவருக்கே பணம் கிடைக்கும் நிலை! ஆறே வாரங்களில், 2024 ஜனவரி 5 அன்று, கடுங்குளிரில் அதே ஆயிரம் யூனிட் ஒரு மணி நேரத்துக்கு 1,900 யூரோவை நெருங்கியது. இப்படிப்பட்ட சந்தையில் எவ்வளவு வாங்குகிறோம் என்பதைவிட எப்போது வாங்குகிறோம் என்பதுதான் லாபத்தைத் தீர்மானிக்கும்.

அதற்குத்தான் முஸ்திக்கமா தீவின் குகை. 1980களில் எரி எண்ணெய் சேமிக்கப் பாறையில் வெட்டியது. எண்ணெய்க்கு வேலை இல்லாமல் போனதும் கழுவிச் சுத்தம் செய்து 26 கோடி லிட்டர் தண்ணீரை நிரப்பினார்கள். மின்சாரம் மலிவான நேரத்தில் கிடைக்கும் வெப்பம் இதற்குள் போகும். விலை ஏறியதும் வெளியே வரும். முழுதாக நிரம்பினால் 1 கோடியே 16 லட்சம் யூனிட் வெப்பம் இருக்கும். 120 மெகாவாட் வீதம் எடுத்தால் நான்கு நாள் தாங்கும். ராட்சத மின் பாய்லர்களும் வந்துவிட்டன. ஹீட் பம்பின் சிக்கனம் அவற்றுக்கு இல்லை, ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்தான். ஆனால் விலை விழும் மணிகளில் சட்டென்று முடுக்கிவிடலாம். இதில் அரசின் பங்கும் உண்டு. பெரிய ஹீட் பம்புகள், மின் பாய்லர்கள் ஆகியவற்றுக்கான மின்சார வரியை 2022இலிருந்து மிகக் குறைந்த அடுக்குக்கு இறக்கியது. மறுபக்கம் நிலக்கரிக்கு வரி, ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிம உமிழ்வுக் கட்டணம். நல்லெண்ணம் மட்டும் இருந்து கணக்கு இடித்திருந்தால் சல்மிசாரியில் இன்றும் கரி புகைந்துகொண்டிருக்கும் என்றே தோன்றுகிறது.

சல்மிசாரியில் கரி நின்றதால் நகரத்தின் கரிம உமிழ்வு முந்தைய ஆண்டைவிட 30 சதவீதம் குறையும் என்று ஹெலன் கணக்கிட்டது. ஒரு நகரத்தின் ஒரு நிலையத்துக்கு இது சாதாரண எண் அல்ல.

குறையில்லாமல் இல்லை. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் வெப்பக் கட்டணம் கடுமையாக ஏறியது. ஹெல்சிங்கியின் அடுக்குமாடிச் சங்கங்கள் சில, இந்தச் சகவாசமே வேண்டாம் என்று வளாகத்திலேயே ஆழ்துளை போட்டு, பூமியின் சூட்டை எடுக்கத் தொடங்கின. வாடிக்கையாளர் ஒவ்வொருவராகக் கழன்றால் குழாய்ப் பராமரிப்புச் செலவு மிச்சமிருப்பவர் தலையில் விழும். அந்தக் கவலை ஹெலனுக்கு இருந்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி விறகு. கரி போன இடத்தில் ஹீட் பம்ப் மட்டும் உட்காரவில்லை. வுவோசாரியில் 2023இல் தொடங்கிய 260 மெகாவாட் நிலையம் மரச்சில்லுகளை எரிக்கிறது. சல்மிசாரியிலும் மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகள் எரிகின்றன. வெட்டிய மரம் மறுபடி வளரும், ஆகவே கணக்கு நேராகிவிடும் என்பது ஐரோப்பிய விதிகளின் வாதம். புகைபோக்கியிலிருந்து இன்று வெளியேறும் கரியமில வாயுவைப் புதிய மரம் திருப்பி எடுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது பல அறிவியலாளர்களின் பதில். இந்த இடத்தில் அறிவியலாளர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஹெலனும் விறகை நிரந்தரத் தீர்வாகச் சொல்லவில்லை. 2040க்குள் எதையும் எரிக்காமல் வெப்பம் தருவதே அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. வெப்பத்துக்கு மட்டும் பயன்படும் சிறிய அணு உலைகளைப் பற்றியும் பேச்சு நடத்திவருகிறது. ஹெலனின் பசுமைக் கணக்கை எடைபோட நினைப்பவர்கள் விளம்பரத்தைப் பார்க்க வேண்டாம். ஆண்டறிக்கையில் விறகின் பங்கு ஆண்டுக்காண்டு இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.