ஓட்டுக்குள் இருக்கும் உயிர்

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், நாட்டுக்கோழி வளர்க்கும் அங்கத்தினர் ஒருவரின் கணக்கைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அடைப்பொறியில் குஞ்சுகள் பொரித்து முடிந்த நாள் அது. எஞ்சிய முட்டைகளைக் கூமுட்டை என்று கொல்லைக் குழியில் கொட்டியிருந்தார்கள். குழியிலிருந்து மெல்லிய கீச்சொலி எழுந்தது. “கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், ஐயா” என்றார் வேலையாள். அவர் கொடியவர் அல்லர், அறியாதவர். அவ்வறியாமையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோழிமுட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். ஏறக்குறைய இருபதாம் நாளில் குஞ்சு முட்டைக்குள் உள்ள காற்றறையை அலகால் துளைத்து, நுரையீரலால் மூச்சுவிட்டுக் குரல் கொடுக்கிறது. ஓடு உடையவில்லை என்பதைத் தவிர, அதற்கும் பிறந்த குஞ்சுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நோவை உணரும் தன்மை இதற்கு முன்பே தோன்றக்கூடும் என்று கருதியே, ஜெர்மனி 13ஆம் நாள் முதல் கருவைக் கொல்வதை 2024இலிருந்து தடுத்துள்ளது. மனிதரல்லாத எவ்வுயிரையும் ‘பிராணி’ என்றே நமது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் குறிக்கிறது.

முட்டையினக் கோழிப் பண்ணைகளில் பயனில்லையென்று சேவற்குஞ்சுகளைப் பிறந்தவுடன் கொல்லும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. நாட்டுக்கோழியில் சேவலும் விலைபோவதால் நமக்கு அப்பாவம் இல்லை. நம்மிடமுள்ள குறை, பொரியாத முட்டையைப் பாராமல் எறிவதுதான்.

ஆகவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை விளக்கொளியில் பாருங்கள். உயிர்க்கருவில் சிலந்திவலைபோல் செந்நரம்புகள் தெரியும். கருக்கூடாத முட்டை தெளிவாக இருக்கும். அதனை அன்றே விலக்குங்கள். 18ஆம் நாள் மீண்டும் சோதியுங்கள்.

2. விசிறியுள்ள அடைப்பொறியில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கட்டும். சிறிது நேரம் குளிர்வதைக் காட்டிலும் மிகைச்சூடே கருவுக்குக் கேடு.

3. 18ஆம் நாளுக்குப்பின் முட்டையைத் திருப்பவேண்டாம். பொறியை அடிக்கடி திறக்கவும் வேண்டாம். ஈரம் குறைந்தால் உட்சவ்வு உலர்ந்து குஞ்சு ஒட்டிக்கொள்ளும்.

4. 21ஆம் நாளோடு நிறுத்தாது மேலும் ஒரு நாள் பொறுங்கள். பின்னர் ஒவ்வொரு முட்டையையும் காதருகே வைத்தும் விளக்கில் பார்த்தும் உயிரில்லை என்று தெளிந்த பிறகே புதையுங்கள்.

5. பிழைக்க வழியற்ற குஞ்சைக் குழியில் எறியாது, கால்நடை மருத்துவரைக் கேட்டு, துன்பமின்றி நொடியில் முடியும் வழியைக் கையாளுங்கள்.

இவற்றுக்குச் செலவு மிகுதியில்லை. பிழைக்கும் ஒவ்வொரு குஞ்சும் வரவு. 21 நாட்கள் காத்திருந்த நாம் இன்னும் ஒரு நாள் காத்திருப்பதால் இழப்பது ஒன்றுமில்லை.