பழவேற்காட்டுக் கல்வாசலுக்கு ஒரு சாய்தளம்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டு வணிகர்களின் பெயரும் குடும்பச் சின்னமும் பொறித்த கற்பலகைகள். அருகே, 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை முட்புதருக்குள் சிதைந்து கிடக்கிறது.

இங்கே பழுதுபார்ப்பு என்றால் முதல் எதிரி உப்புக்காற்று. சுண்ணாம்புக் காரையில் எழுந்த சுவருக்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு பூத்துச் செங்கல் உதிரும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. பழவேற்காட்டு ஏரியின் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த ஊருக்கு இது தெரியாததல்ல.

ஆனால் சுவர் பிழைத்தால் போதுமா? சக்கர நாற்காலியில் வருபவரும் உள்ளே போக வேண்டாமா?

ஓர் அடி உயரப் படிக்குக் குறைந்தது 12 அடி நீளச் சாய்தளம் தேவை. இருபுறமும் கைப்பிடி வேண்டும். பழைய கல்லில் துளையிடாமல், தனியே நிற்கும்படி அமைத்தால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். ஆனால் அந்த 12 அடியை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கியாக வேண்டும். வேலை முடிந்தபின் தேடினால் இடம் இருக்காது.

முடியாத காரியமல்ல இது. 2001 ஜனவரியில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தபோது, அவர் நினைவுச்சின்னங்களைப் பார்க்கச் சாய்தளம் வேண்டும் என்று ஜாவேத் அபிடி போன்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் குரல் கொடுத்தனர். குதுப் மினார், செங்கோட்டை உள்ளிட்ட இடங்களில் தொல்லியல் துறை மரச் சாய்தளங்களை அமைத்தது. ஓர் அறிஞருக்காகச் செய்ய முடிந்ததை எல்லோருக்கும் செய்யச் சொல்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

மீனவக் குப்பங்களின் ஊர்க்கூடங்களுக்கும் இந்த அணுகல் வசதி தேவை. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதைப் ‘பாடு’ முறையில் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது இங்கே வழக்கம். வலை இழுத்தே முழங்கால் தேய்ந்த பெரியவருக்கும், ஏரியில் கையால் தடவி இறால் பிடித்தே வயதான பெண்ணுக்கும் ஊர்க்கூடத்துப் படி தடையாகக் கூடாது. கோட்டையோ கல்லறைத் தோட்டமோ கூடமோ, அடுத்த பழுதுபார்ப்புக்கு மதிப்பீடு போடும்போது சுண்ணாம்புச் செலவுக்குப் பக்கத்திலேயே சாய்தளச் செலவையும் அதிகாரிகள் எழுத வேண்டும். அளவெடுக்கும் நாளிலேயே சக்கர நாற்காலியில் வருபவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்து, எந்த வாசல் வசதி என்று கேட்க வேண்டும்.