எலும்பு பற்றும் சொரசொரப்பு

சிங்கப்பூரின் மேற்கு முனையிலுள்ள துவாஸ் கப்பல் பட்டறைகளில், துருவேறிய எஃகுத் தகட்டின்மேல் தாமிரக் கசட்டையோ கார்னெட் மணலையோ அழுத்தக் காற்றால் வீசியடிக்கும் ‘பிளாஸ்டிங்’ வேலையைச் செய்வோரில் தமிழகத் தொழிலாளர்களும் உண்டு. துரு நீங்குவதோடு, வண்ணப்பூச்சு உரியாமல் நிற்பதற்குரிய மேடுபள்ளங்களும் அவ்வேலையால் உண்டாகின்றன. அவற்றின் ஆழம் பெரும்பாலும் 50 முதல் 75 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. தாடையெலும்பில் பதிக்கப்படும் செயற்கைப் பல்வேரான இம்பிளான்ட் திருகும் இதே முறையில்தான், ஆனால் மிக நுண்ணிய அளவில், சொரசொரப்பாக்கப்படுகிறது.

அத்திருகு பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனது. காற்று பட்டதும் அவ்வுலோகத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் படரும் ஆக்சைடு படலம் அரிப்பைத் தடுப்பதால், உடல் அதை ஏற்றுக்கொள்கிறது. 1950-களில் முயலின் எலும்பில் டைட்டானியம் பிரிக்க இயலாதபடி இணைந்துவிட்டதைக் கண்ட சுவீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பதித்தார்.

அக்காலத் திருகுகள் கடைந்தெடுத்த வழவழப்போடே பதிக்கப்பட்டதால், அவற்றின்மேல் பல் பொருத்த மூன்று முதல் ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசிப் பார்த்தபோது, அப்பூச்சு சிலவற்றில் உலோகத்தை விட்டுப் பிரிந்தது. ஆகவே பூச்சைக் காட்டிலும் உலோகத்தின் பரப்பையே மாற்றுவது மேலெனப் பட்டது. 1990-களின் பிற்பகுதியில் பரவிய எஸ்எல்ஏ முறையில், கால் மில்லிமீட்டருக்கும் பெரிதான அலுமினா துகள்களை வீசியடித்து, பின் அமிலத்தில் தோய்த்து, பெரும்பள்ளங்களுக்குள் நுண்குழிகளையும் உண்டாக்குகிறார்கள். காத்திருக்கும் காலம், நல்ல எலும்புள்ளவர்களுக்கு, ஆறு வாரமாகக் குறைந்தது.

வண்ணம் எஃகைப் பற்றுவதற்கும் எலும்பு டைட்டானியத்தைப் பற்றுவதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு உண்டு. வண்ணம் பள்ளத்தில் இறங்கி உறைவதோடு சரி; எலும்போ உயிருள்ளதாகையால், முதலில் இரத்தக் கட்டியின் நார்கள் அக்குழிகளில் பற்றிக்கொள்ள, அவற்றின் வழியே வரும் எலும்பாக்கச் செல்கள் உலோகப் பரப்பின்மீதே புதிய எலும்பை உருவாக்குகின்றன. ஆனாலும் சொரசொரப்பு மிகுந்தால் நன்மை மிகும் என்பதற்கில்லை. ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர் அளவே ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஈறு கீழிறங்கி, அப்பரப்பு வாயினுள் வெளிப்பட்டுவிட்டால், செல்களுக்கு இடந்தந்த அதே குழிகளில் பாக்டீரியாக்கள் குடியேறி எலும்பை அரிக்கத் தொடங்குகின்றன, அவற்றைச் சுரண்டி அகற்றுவதும் கடினமாகிவிடுகிறது. ஈறு தழுவும் கழுத்துப் பகுதியைப் பல திருகுகளில் வழவழப்பாகவே விட்டுவைப்பது அதனால்தான்.