நூறு வெள்ளிக்கு ஒரு ஜிக்பீ டாங்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டில் ஒரு சின்ன ‘ஸ்மார்ட் ஹோம்’ அமைத்துப் பார்க்க நினைக்கிறீர்களா? வாசல் கதவு திறந்தால் கைப்பேசிக்குத் தகவல், இரவில் எழுந்தால் தானாக எரியும் விளக்கு, இந்த அளவுக்குத்தான். இதையே வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மாணவர்களுக்குக் காட்டவும் செய்யலாம். முதலில் வாங்க வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு யூஎஸ்பி டாங்கிள். கோஆர்டினேட்டர் என்று இதைச் சொல்கிறார்கள். இணையக் கடையில் தேடினால் ஒரே மாதிரி இருபது டாங்கிள் வந்து நிற்கும், விலை மட்டும் வேறு வேறு. எதை எடுப்பது?

கோஆர்டினேட்டர் செய்யும் வேலையை வகுப்பாசிரியர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலைவரிசையில் பேசுவது என்று முடிவு செய்யும், புதிதாக வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கும், இரகசியச் சாவியை வைத்துக்கொள்ளும். ஒரு வலையமைப்புக்கு ஒன்றுதான். இரண்டு டாங்கிள் செருகினால் வேகம் கூடாது; இரண்டு தனி வகுப்பு ஆகிவிடும், அவ்வளவுதான். ஜிக்பீ என்ற பெயரே தேனீக்கள் வளைந்து வளைந்து ஆடும் ஆட்டத்திலிருந்து வந்தது. தகவல் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகும்.

வைஃபை விளக்கு வாங்கி அதோடு வரும் செயலியைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதும், அந்த நிறுவனத்தின் சர்வர் ஓடுகிற வரைக்கும். அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் சர்வர்களை நிறுத்தியது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் செயலி வேலை செய்யவில்லை. டாங்கிளையும் ஹோம் அசிஸ்டென்ட் போன்ற இலவச மென்பொருளையும் ஒரு பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெர்ரி பையிலோ வைத்து ஓட்டினால், எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். இணையம் அறுந்தாலும் விளக்கு எரியும்.

இப்போது சிப்பு. விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான். ரொம்ப மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிசி2531. அதன் நினைவகம் வெறும் 8 கிலோபைட். ரௌட்டர் கருவிகள் இல்லாமல் நேரடியாக இருபது கருவி அளவில் திணறத் தொடங்கும். வாங்கும்போது சரியான ஃபர்ம்வேர் இல்லையென்றால், அதை ஏற்றுவதற்குத் தனிக் கருவி வேறு வேண்டும். ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளை உருவாக்குகிறவர்களே இதை இப்போது பரிந்துரைப்பதில்லை. மிச்சப்படுத்தும் பணத்துக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

அதே நிறுவனத்தின் சிசி2652பி சிப்பில் 80 கிலோபைட் நினைவகமும், 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட் வரை அனுப்பும் திறனும் உண்டு. சோனாஃப் நிறுவனத்தின் ‘டாங்கிள் பிளஸ் பி’ இந்தச் சிப்பில் ஓடுகிறது. ‘டாங்கிள் பிளஸ் ஈ’ சிலிக்கான் லேப்ஸின் ஈஎஃப்ஆர்32எம்ஜி21 சிப்பில் ஓடுகிறது. இரண்டும் நூறு வெள்ளிக்கு முன்பின் கிடைக்கும், இரண்டிலும் வெளி ஆண்டெனா உண்டு. நான் பி பக்கம்தான் சாய்வேன். அது நீண்ட காலமாகப் பலர் ஓட்டிப் பார்த்தது. பின்னால் த்ரெட், மேட்டர் என்று சோதித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஈ எடுங்கள். ஜிக்பீ2எம்க்யூடிடியில் பி-க்கு ‘இசட்ஸ்டாக்’, ஈ-க்கு ‘எம்பர்’ என்று அடாப்டர் வகையைக் குறிக்க வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு டாங்கிள் கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

விற்பனைப் பக்கத்தில் சிப்பின் பெயர் இல்லை, ‘ஜிக்பீ யூஎஸ்பி’ என்று மட்டும் போட்டிருக்கிறது என்றால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையா, விட்டுவிடுங்கள்.

சக்தி கூடுதல் என்றால் வீடு முழுக்கப் போய்ச் சேரும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஆசிரியர் முன்னால் நின்று சத்தமாகக் கூப்பிடலாம். கடைசி வரிசையில் மெல்லப் பேசும் பிள்ளையின் பதில் அவர் காதில் விழ வேண்டுமே! பொத்தான் பேட்டரியில் ஓடும் கதவு சென்சார் அந்தப் பிள்ளை மாதிரி. அதன் பதிலை வாங்கி முன்னால் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டும். மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ஜிக்பீ பிளக்குகளில் பெரும்பாலானவை அந்த ரௌட்டர் வேலையைச் செய்யும்.

நம் பினாங்கு வீடுகளுக்கு இது முக்கியம். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் குறுகலாகவும் ரொம்ப நீளமாகவும் இருக்கும், தடித்த செங்கல் சுவர் வேறு. முன் கூடத்தில் டாங்கிள், பின்கட்டு அடுப்படியில் சென்சார் என்றால் நடுவில் வானவெளிப் பக்கம் ஒரு பிளக்காவது வேண்டும். அடுக்குமாடி வீடு சின்னது, ஆனால் கான்கிரீட். பிளக் வாங்கும்போது சிரிம் முத்திரை பாருங்கள். 230 வோல்ட் ஓடும் பொருளில் பேரம் பேசக்கூடாது. இன்னொன்று, நம்ம வீட்டுப் பெரியவர்கள் வெளியே போகும்போது எல்லாச் சுவிட்சையும் அடைத்துவிட்டுத்தான் போவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ரௌட்டர் பிளக்கின் சுவிட்சையும் அடைத்தால் அதன் பின்னால் இருக்கிற சென்சார்களும் ஊமையாகிவிடும். அந்த ஒரு சுவிட்சின் மேல் தமிழில் எழுதி ஒரு தாள் ஒட்டி வையுங்கள்.

டாங்கிள் வாங்கும் அதே நாளில் ஒரு மீட்டர் நீள யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கம்பியும் வாங்குங்கள். யூஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் செருகிய வன்தட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புகின்றன. ஜிக்பீ பேசுவதும் அங்கேதான். 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது இன்டெல். 1972 முதல் நம் பினாங்கில் தொழிற்சாலை நடத்தும் அதே இன்டெல்தான். டாங்கிளைக் கணினியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைப்பது, சில வெள்ளிச் செலவில் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம்.

அலைவரிசையையும் முதல் நாளே தேர்ந்துகொள்ளுங்கள். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு சேனல். வைஃபை வழக்கமாக 1, 6, 11 சேனல்களில் இருக்கும். அவற்றின் இடைவெளியில் விழுவது ஜிக்பீயின் 15, 20; வைஃபை 11-க்கு மேலே விழுவது 25. ஜெலுத்தோங், ஆயிர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் நம் வீட்டுக்குள் வந்துவிடும், அதனால் கைப்பேசியில் ஒரு வைஃபை அலசல் செயலியைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிறகு சேனலை மாற்றினால் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டிவரும்.

தனியாக இருக்கும் அம்மாவுக்காக இதைச் செய்கிறவர்கள் அடுத்த விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் ஈப்போவில் வேலை, அம்மா ஜார்ஜ்டவுனில். காலை எட்டு மணிக்குள் அடுப்படிக் கதவு திறக்கவில்லை என்றால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்று அமைக்கிறீர்கள். சென்சாரின் பேட்டரி தீர்ந்துபோனால் என்ன ஆகும்? கதவு ‘மூடியிருக்கிறது’ என்ற பழைய நிலையே திரையில் இருக்கும். ஜிக்பீ2எம்க்யூடிடியில் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வசதியை நாமாகத்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும், பேட்டரிக் கருவிக்கு இயல்பு வரம்பு 1500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். ஒரு நாள் முழுக்கப் போய்விடும்! சில சென்சார்கள் ஒரு மணிக்கு ஒருமுறை தாமாகவே குரல் கொடுக்கும்; அந்த வகையை வாங்கினால் இந்த வரம்பை மூன்று, நான்கு மணி நேரமாகக் குறைக்கலாம். அப்படியும் இது உதவிக்குத்தான். அண்டை வீட்டு அக்காவின் தொலைபேசி எண் கையில் இருக்கட்டும். புகை எச்சரிக்கைக்கு, தானாகவே அலறும் தனிக் கருவிதான் வேண்டும்.

பள்ளியில் காட்டுவதென்றால் இணையம் தேவையில்லை. மடிக்கணினி, டாங்கிள், ஒரு பிளக், ஒரு சென்சார் போதும். சென்சாரை நடைபாதை வழியே எடுத்துக்கொண்டு போய் எங்கே தொடர்பு அறுகிறது என்று மாணவர்கள் காலடியால் அளக்கட்டும். பிறகு நடுவில் பிளக்கைச் செருகி, சென்சாரை அதன் பக்கத்திலேயே வைத்து மறுபடி இணைத்து, இன்னொருமுறை அளக்கட்டும். பாடம் முடிந்ததும் ‘புதிய கருவி சேரலாம்’ என்ற அனுமதியை மூடிவிடுங்கள்.

டாங்கிள் என்றைக்காவது பழுதாகும். ஜிக்பீ2எம்க்யூடிடி அதன் விவரங்களைத் தானாகவே ஒரு காப்புக் கோப்பில் எழுதி வைக்கும். மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறை முழுவதையும் விரலியில் நகலெடுத்து வையுங்கள். அதே சிப்புள்ள இன்னொரு டாங்கிளைச் செருகினால், ஏணி போட்டு ஒவ்வொரு சென்சாராகக் கழற்றி மறுபடி இணைக்காமல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.