இரண்டு சொட்டு எண்ணெயில் அடங்காத சத்தம்

“அண்ணே, ரெண்டு நாளா பிளானர் ஒரு மாதிரி கத்துதுண்ணே.”

“ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டு தம்பி. நிலைக்கதவு ஆர்டர் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

மரப்பட்டறைப் பக்கம் போய்வருபவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. எண்ணெய் விட்டதும் சத்தம் சற்று அடங்கியதுபோலத் தோன்றும். ஆனால் இப்போதைய மெஷின்கள் பலவற்றில் இருப்பவை இருபுறமும் மூடிய பேரிங்குகள். வெளியே விடும் எண்ணெய் உள்ளே போகாது. வழிந்து பெல்ட்டில் பட்டு, அதையும் வழுக்க வைக்கும். பழைய சத்தத்தோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

மெஷினின் குரல் மாறுவது, விரலோ காதோ காசோ போவதற்கு முன்னால் நமக்கு வரும் நோட்டீஸ். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். தேதி போட்டு எடுத்துவைக்கவும் தெரிய வேண்டும்.

அணைத்துவிட்டுக் கேளுங்கள்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, மூடியைக் கழற்றிவிட்டு ஓடும் மெஷினுக்குள் குனிவது பலருக்கும் பழக்கம். தோளில் கிடக்கும் துண்டோ லுங்கி நுனியோ புல்லியில் சிக்கினால் போதும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் ஷாஃப்ட் ஒரு நொடியில் 50 முறை சுற்றிவிடுகிறது. கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது.

மூடியைக் கழற்றாமலே பாதி விடை கிடைத்துவிடும். சுவிட்சை அணைத்துவிட்டு, மெஷின் ஓய்ந்து நிற்கும்வரை காதுகொடுங்கள். கத்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சத்தம் பட்டென்று நின்றால், கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பக்கம். வேகம் குறையக் குறையச் சத்தமும் கூடவே இறங்கினால் பேரிங், பெல்ட், கத்தி இவற்றில் ஒன்று. சிங்கிள் பேஸ் மோட்டார் பலவற்றில், நிற்பதற்குச் சற்று முன் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது உள்ளேயிருக்கும் சுவிட்ச் பழைய இடத்துக்குத் திரும்பும் ஓசை, பயப்பட வேண்டாம்.

அடுத்து, மெயினை அணைத்து, பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் பையில் இருக்கும்வரை வேறு யாரும் தெரியாமல் மெஷினைப் போட்டுவிட முடியாது. பிறகு பெல்ட்டைக் கழற்றுங்கள். கத்தியைத் தொடாமல், புல்லியைப் பிடித்து ஷாஃப்டை மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் நரநரவென்றாலோ, அசைத்தால் ஆட்டம் கொடுத்தாலோ பேரிங் போய்விட்டது. அங்கே குறையில்லை என்றால், எல்லோரும் விலகி நின்றபின் மின்சாரம் கொடுத்து மோட்டாரை மட்டும் சில நொடி ஓட்டுங்கள். சத்தம் தொடர்ந்தால் மோட்டாரைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள்

*கீச்சென்ற அலறல், அதுவும் மெஷினைப் போட்டவுடன்:* பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தேய்ந்து பளபளப்பேறி வழுக்கும். இரண்டு மூன்று பெல்ட் ஓடும் மெஷினில் ஒன்றை மட்டும் மாற்றாமல் மொத்தமாக மாற்றுங்கள். புதியது ஒன்றே சுமை முழுவதையும் இழுத்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

*தடக், தடக்:* நாள்கணக்கில் நின்ற மெஷினில் பெல்ட் அதே வளைவில் இறுகியிருக்கும். சில நிமிடம் ஓடினால் சரியாகிவிடும். ஆகாவிட்டால் உள்ளே இழை அறுந்திருக்கிறது.

*கரகரவென்ற உறுமல், கூடவே சூடு:* பேரிங். மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ளதை வாங்கிப் போடுங்கள். சூடேறிய பேரிங்கைச் சுற்றி மரத்தூள் குவிந்திருந்தால் பட்டறையே தீப்பிடிக்கலாம்.

*‘உம்ம்ம்’ என்று முனகல், ஆனால் சுற்றவில்லை:* மூன்று பேஸில் ஒன்று வரவில்லை, அல்லது சிங்கிள் பேஸ் மோட்டாரில் கெபாசிட்டர் போய்விட்டது. உடனே அணைக்காவிட்டால் காயில் கருகிவிடும். கெபாசிட்டரை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது ஷாக் அடிக்கலாம்.

*நாடா ரம்பத்தில் சீராக ‘டிக், டிக்’:* பிளேடில் விரிசல் விழுந்திருக்கலாம், அல்லது ஒட்டு விட்டுக்கொண்டிருக்கலாம். அடுத்த கட்டையில் அறுந்து பாயும்.

*பிளானரில் திடீர்க் கடகடப்பு:* கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். அந்த வேகத்தில் கத்தி கழன்றால், எதிரே நிற்பவருக்கு அது தோட்டா.

*அறுக்கும்போது ‘டங்’:* மரத்துக்குள் ஆணி. பழைய வீட்டு உத்தரம், கதவு, நிலைகளை மறுபடி இழைக்கும்போது இது அடிக்கடி நேரும். மெஷினுக்குக் கொடுக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்.

கடைசி நான்கும் ஆர்டர் முடியும்வரை காத்திருக்காது. அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

மெஷின் நன்றாக இருக்கும் நாளில் அதன் சத்தத்தைச் செல்போனில் அரை நிமிடம் பதிவுசெய்து வையுங்கள். சந்தேகம் வரும்போது இரண்டையும் ஒப்பிடலாம். அந்தப் பதிவு வேறு இடங்களிலும் உதவும்.

கோளாறே இல்லாத சத்தமும் ஆபத்து

நல்ல நிலையில் உள்ள பிளானரே 95 டெசிபலை எளிதில் தொட்டுவிடும். நம் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு இது: 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். ஒவ்வொரு 5 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாக வேண்டும். அதாவது 95-க்கு 4 மணி நேரம், 100-க்கு 2 மணி நேரம். கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதுக்குக் காப்பு வேண்டும். வேலை முடிந்து வீடு வந்தும் காதில் ‘ஙொய்’ என்று கேட்டால், கேள்திறன் குறையத் தொடங்கியிருக்கலாம். இப்படிப் போகும் கேள்திறன் திரும்பி வராது. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய்களில் ஒன்று.

தொழிலாளியின் உரிமை

2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், பாதுகாப்பு பற்றிய விவரங்களை முதலாளியிடம் கேட்க அதன் 14-ஆம் பிரிவு உரிமை தருகிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், முதலாளியிடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளைக் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வாயால் சொல்வதோடு நிற்காமல் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி, சத்தப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். தேதி தானாக ஏறிவிடும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: பாதுகாப்பு மூடி என்று தெரிந்தே தொழிலாளி அதைக் கழற்றி, அதனால் விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீட்டை மறுக்க முடியும். உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் மட்டும் அந்த வாதம் எடுபடாது. விரல் போவது அந்தக் கணக்கில் வராது. கழற்றச் சொன்னது முதலாளி என்றால், அதற்கும் ஒரு தடம் இருக்கட்டும்.

அடிபட்டுவிட்டால்

துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் “வீட்டில் அடிபட்டது” என்று சொல்லச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையில் நேர்ந்த விபத்து என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்து, ஏ.ஆர். காப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பலன் உண்டு; தற்காலிக முடக்கத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். ஈ.எஸ்.ஐ. வராத சிறு பட்டறை முதலாளிக்கும் இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு. இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரல் இழப்புக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறன் இழப்பு கணக்கிடப்படுகிறது. தொழிலாளர் துறையில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

புது மெஷினே கத்தினால்

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத மெஷின் உறுமுகிறது, கடைக்காரரோ “ஓட ஓடச் சரியாயிடும்” என்கிறார். ‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் செல்லாது’ என்பார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய கருவி அந்த விலக்கில் வராது. 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பில், முத்திரை குத்திய வாரன்ட்டி அட்டை, சத்தப் பதிவு மூன்றும் கையில் இருக்கட்டும். நீங்களே பிரித்துப் பார்த்தால் வாரன்ட்டி போகலாம் என்பதால் மூடியில் கைவைக்காதீர்கள்.

நாளைக் காலை பட்டறை திறந்ததும் முதல் கட்டையைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு மெஷினையும் வெறுமனே அரை நிமிடம் ஓடவிட்டுப் பதிவுசெய்யுங்கள். பிறகு அணைத்து, முழுதாக ஓயும்வரை கேளுங்கள். அந்தத் தம்பி அடுத்த முறை “ஒரு மாதிரி கத்துதுண்ணே” என்று வரும்போது, எண்ணெய்க் குப்பியைத் தேடாமல் போனை எடுக்கலாம்.